பணமென்றால் பிணமும் வாய் திறக்கும்: டிராகுலா பிரபுவின் வரவு செலவு

சங்கத்தின் மலர்க்குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போலச் சிலப்பதிகாரத்து வணிகர்களைப் பற்றி எழுதித் தந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதைக் கெடுத்தவள் என் பேத்தி. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலோடு வந்து உட்கார்ந்தாள்.

“தாத்தா, நீங்க பேங்க்லதானே இருந்தீங்க? இந்த டிராகுலாவுக்குப் பணம் எங்கேருந்து வருது? வேலைக்குப் போகல, வியாபாரமும் இல்ல. ஆனா லண்டன்ல வீடு மேல வீடா வாங்கறானே?”

“ஜமீன் சொத்தா இருக்கும்மா” என்று சொல்லி வைத்தேன். அவள் விடவில்லை. “ஜமீன்னா குடியானவங்க வேணும்ல? அங்க எல்லாரும் அவனைக் கண்டா ஓடறாங்க!”

நியாயமான கேள்வி. முப்பத்து நான்கு வருடம் ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வேலை பார்த்தவன் நான். கடைசிப் பதினோரு வருடம் ஊர் ஊராகப் போய்க் கிளைக் கணக்குகளைச் சரிபார்க்கும் தணிக்கைப் பிரிவு. 1897இல் வெளிவந்த இந்த நாவலை இளமையில் பயந்து பயந்து படித்திருக்கிறேன். இந்த முறை பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு, ஒரு கிளையைத் தணிக்கை செய்யப் போவதுபோலப் படித்தேன். படித்து முடித்தபோது இது ரத்தக் கதையாக மட்டும் தெரியவில்லை. பாதிக்குப் பாதி கணக்குக் கதையாகவும் தெரிந்தது.

வரவுப் பக்கம்

சாகாதவனுக்குப் பணம் சேர்ப்பதைப்போல எளிய வேலை உலகத்தில் இல்லை என்றுதான் எவருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு பொற்காசை ஆண்டுக்கு 3 விழுக்காடு கூட்டு வட்டிக்கு விட்டால், ஏறக்குறைய 24 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இரட்டிக்கும். 400 ஆண்டு கழித்துப் பார்த்தால் சுமார் 1,36,000 காசு. பொறுமை மட்டும் இருந்தால் போதும். சாகாதவனுக்குப் பொறுமைக்கு என்ன குறை?

ஆனால் டிராகுலா பிரபு ஒரு காசைக்கூட வட்டிக்கு விட்டவராகத் தெரியவில்லை. ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞன் அவருடைய கோட்டைக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறான். சுவரைப் பிடித்து இறங்கி அவருடைய அறைக்குள் நுழைகிறான். அங்கே ஒரு மூலையில் தங்கம் குவிந்து கிடக்கிறது. ரோமாபுரிக் காசு, பிரிட்டிஷ், ஆஸ்திரிய, ஹங்கேரிய, கிரேக்க, துருக்கிக் காசுகள். எல்லாவற்றின் மேலும் தூசி படிந்திருக்கிறது. அவன் பார்த்தவரையில் முந்நூறு வருடத்துக்கு இந்தப்பக்கம் வார்த்த காசு ஒன்றுகூட இல்லை.

இந்தத் தங்கம் எப்படி வந்தது என்பதற்கும் நாவலிலேயே குறிப்பு இருக்கிறது. ஹார்க்கர் கோட்டைக்கு வரும் இரவு, புனித ஜார்ஜ் திருநாளுக்கு முந்தைய இரவு. வழியில் இருட்டுக்குள் நீலச் சுடர்கள் எரிகின்றன. வண்டியோட்டி இறங்கிப்போய் அந்த இடங்களில் கல் வைத்து அடையாளம் செய்கிறான். படையெடுப்புக் காலங்களில் ஊர் மக்கள் புதைத்துவிட்டுப்போன பொருள் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அந்த ஒரு இரவு மட்டும் சுடர் தெரியும் என்று பிரபு பிறகு விளக்குகிறார். வண்டியோட்டி வேறு யாரும் இல்லை, அவரேதான்.

ஆக, வரவு முழுவதும் செத்தவர்கள் பணம். திரும்பி வந்து தோண்டி எடுக்கலாம் என்று புதைத்துவிட்டு, திரும்பாமலே போனவர்களின் பணம். நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் புதையலைக் காக்கும் பூதம் உண்டு. அந்தப் பூதம் காக்க மட்டும்தான் செய்யும். டிராகுலா பூதமும் அவரே, புதையலை எடுப்பவரும் அவரே.

ஏன் வட்டிக்கு விடவில்லை? என் அனுபவத்தில் சொல்கிறேன்: வட்டி என்பது அடுத்தவன் மேல் வைக்கும் நம்பிக்கை. கடன் வாங்குபவன் உழைப்பான், பிழைப்பான், திருப்பித் தருவான் என்று நம்பினால்தான் பணம் வெளியே போகும். சுற்றியுள்ளவர்களை இரையாக மட்டும் பார்ப்பவனுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? பிரபுவின் காசு மூலையில் தூசி படிந்து கிடப்பதற்கு ஸ்டோக்கர் காரணம் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

சட்டமும் சாகாதவனும்

இங்கே ஒரு சின்ன விலகல். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செத்தவன் கை சொத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கவலை. 1682இல் நார்ஃபோக் கோமகன் வழக்கில் தொடங்கி வளர்ந்த விதி அது. நம் நாட்டில் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 14ஆம் பிரிவாக இருக்கிறது. இன்று உயிரோடு இருப்பவரின் ஆயுள், அதற்குமேல் பிறக்கவிருக்கும் குழந்தை மேஜராகும் வரை. அதைத் தாண்டிச் சொத்தைக் கட்டிப்போட முடியாது. ஆனால் அந்த ‘உயிரோடு இருப்பவர்’ சாகாமலே இருந்தால் என்ன செய்வது என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவே இல்லை!

இன்றைய வங்கியில் பிரபு வந்தால் பாடு இன்னும் திண்டாட்டம். இரண்டு வருடம் கணக்கைத் தொடாமல் விட்டால் அது செயலற்ற கணக்கு. பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடந்தால், 2014இல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்குப் பணம் போய்விடும். உரியவர் வந்து கேட்டால் கிடைக்கும். ஆனால் யார் என்று நிரூபிக்க வேண்டும். பிறந்த தேதிக்கு என்ன சான்று காட்டுவார்? என்னைப்போலப் பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டும். பிரபு அந்தப் படிவத்தில் மனசாட்சியோடு கையெழுத்துப் போட முடியுமா? என் பேத்தி இதைக் கேட்டு அரை மணி நேரம் சிரித்தாள்.

சிரிப்பு இருக்கட்டும். பிற்காலத்து எழுத்தாளர்கள் இந்தச் சிக்கலை உணர்ந்திருக்கிறார்கள். ஆன் ரைஸின் ‘இன்டர்வியூ வித் தி வாம்பயர்’ 1976இல் வந்தது. அதில் லெஸ்டாட் என்ற ரத்தக்காட்டேரி 1791இல் நியூ ஆர்லியன்ஸ் அருகே லூயி என்ற அவுரித் தோட்ட முதலாளியைத் தன் இனமாக்கிக்கொள்வதற்கு ஒரு காரணம், தோட்டமும் அதன் வருமானமும்தான். அந்த வருமானம் அடிமைகளின் உழைப்பில் வந்தது. இரவில் குடித்த ரத்தத்தைவிடப் பகலில் தோட்டத்தில் சிந்தியது அதிகம் என்று வாசகர் நினைத்தால் தவறில்லை.

செலவுப் பக்கம்

இனி டிராகுலாவின் செலவு. சாப்பாட்டுச் செலவு கிடையாது. வேலைக்காரர் சம்பளம் கிடையாது. விருந்தாளிக்குப் படுக்கை விரிப்பதும் மேசை போடுவதும் பிரபுவே என்பதை ஹார்க்கர் ஒளிந்திருந்து பார்த்துவிடுகிறான். தங்கப் பாத்திரம் உண்டு, ஆனால் பழையது. நாடகம், சூதாட்டம், நகை, குதிரை என்று பிரபுக்கள் பணத்தைக் கரைக்கும் ஒரு வழியிலும் அவர் போவதில்லை.

பின் எதற்குச் செலவு? பட்டியல் போட்டேன். பர்ஃப்லீட்டில் சுமார் இருபது ஏக்கர் நிலத்தோடு கார்ஃபாக்ஸ் என்ற பழைய மாளிகை. மைல் எண்டில் ஒரு வீடு. பெர்மாண்ட்சியில் ஒரு வீடு. பிக்காடில்லியில் ஒரு வீடு. 50 பெட்டி மண். அதற்குக் கப்பல் கூலி, ரயில் கூலி, வண்டிக் கூலி, வழக்கறிஞர் கட்டணம். அவ்வளவுதான். எல்லாச் செலவும் ஒரே நோக்கத்துக்கு: புது ஊரில் யார் கண்ணிலும் படாமல் வாழ வேண்டும்.

இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

பிரபுவின் நூலகத்தில் இருப்பவை எவை தெரியுமா? லண்டன் முகவரிப் புத்தகம், விட்டேக்கர் பஞ்சாங்கம், ராணுவப் பட்டியல், வழக்கறிஞர் பட்டியல். ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படித்தவர், பேசிப் பழக ஹார்க்கரைத் தங்க வைக்கிறார். என் உச்சரிப்பில் பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறார். தன் ஊரில் அவர் பிரபு. லண்டன் தெருவில் வாய் திறந்தால் அந்நியன் என்று நின்று பார்ப்பார்களே என்பதுதான் அவருக்கு அச்சம்.

1971இல் நான் ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதர் ஸ்டேஷனில் இறங்கியவன். பெட்டியில் பருப்புப் பொடி, வற்றல், அம்மா மடித்துத் தந்த திருநீற்றுப் பொட்டலம். க-வுக்கும் ப-வுக்கும் நான்கு நான்கு ஓசை வேண்டும் என்று வாய் வலிக்கப் பழகினேன். தென்னிந்தியர்களுக்கு எதிராக 1960களின் இறுதியில் எழுந்த குரல் அப்போதும் அடங்கியிருக்கவில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் ஒரு வீட்டுக்காரர், முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகு, “மதராசிகளுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது?” என்று மராத்தியில் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார். என் அப்பா ஊரில் இரண்டு மரக்கால் விதைப்பாட்டை விற்று அனுப்பிய பணம் அது.

என் பேத்தி டிராகுலாவைப் பற்றிக் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய அதே கேள்விதான் என்பது அப்போதுதான் உறைத்தது. பிரபு சொந்த மண்ணைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததைப் படித்து நாம் பயப்படுகிறோம். பயத்தோடு வேறொன்றும் சேர்ந்து வருகிறது. அதை என்னவென்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு பெட்டி வித்தியாசம்

நாவலில் டிராகுலா பிடிபடுவது பூண்டாலும் சிலுவையாலும் என்றுதான் படம் பார்த்தவர்கள் நினைப்பார்கள். நாவலைப் படித்தால், அவரைக் காட்டிக் கொடுப்பது ரசீதுகள். விட்பியில் சரக்கை வாங்கி அனுப்பிய வழக்கறிஞரின் கடிதங்கள், வண்டிக்காரன் ஒருவனின் நைந்துபோன குறிப்புப் புத்தகம், வீட்டுத் தரகர்களின் பதில். “டி வில் பிரபு” என்ற பெயரில் ஒருவர் வந்து பிக்காடில்லி வீட்டுக்கு நோட்டாகவே பணம் எண்ணி வைத்துவிட்டுப் போனார் என்று அந்தப் பதில் சொல்கிறது.

பெட்டிக் கணக்கைப் பாருங்கள். வந்தவை 50. கார்ஃபாக்ஸில் எண்ணியபோது இருந்தவை 29. வெளியே போனவை 21: மைல் எண்டுக்கு 6, பெர்மாண்ட்சிக்கு 6, பிக்காடில்லிக்கு 9. பிக்காடில்லியில் போய் எண்ணினால் இருப்பது 8. ஒரு பெட்டி வித்தியாசம்! இந்த ஒரு பெட்டிக்காகத்தான் கடைசிப் பகுதி முழுவதும் ஐரோப்பாவின் குறுக்கே ஓடுகிறார்கள். இரவு பத்து மணி வரை ஒரு ரூபாய் வித்தியாசத்தைத் தேடி உட்கார்ந்த பழைய வங்கிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் என் சந்தோஷம் புரியும்.

தணிக்கையாளனாக ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். முந்நூறு வருடத்துத் தங்கம் எப்படி இங்கிலாந்து நோட்டாக மாறியது? அதற்கான ரசீது நாவலில் இல்லை. பிரபு புடாபெஸ்ட் வங்கியாளர்களுக்கும் லண்டன் கூட்ஸ் வங்கிக்கும் கடிதம் எழுதினார் என்று ஹார்க்கர் பார்த்துச் சொல்கிறான், அதோடு சரி. ஸ்டோக்கர் கணக்குத் தெரியாதவர் அல்லர். டப்ளினில் அரசு குமாஸ்தாவாக இருந்து, சிறு வழக்கு மன்றக் குமாஸ்தாக்களின் கடமைகள் பற்றி 1879இல் ஒரு கையேடே வெளியிட்டவர்; லண்டன் லைசியம் நாடக அரங்கின் நிர்வாகத்தை 27 ஆண்டுகள் பார்த்தவர். தெரிந்தே விட்டிருக்கலாம். அந்நியனின் பணம் எப்படி வந்தது என்று தெரியாமல் இருந்தால்தானே பயம் நிலைக்கும்?

இரண்டு வகைப் பணம்

இத்தாலிய விமர்சகர் ஃபிராங்கோ மொரெட்டி 1980களின் தொடக்கத்தில் டிராகுலாவை மூலதனத்தின் உருவம் என்று வாசித்தார். வேலைக்காரரோ ஆடம்பரமோ இல்லாமல் வளர்வதற்காகவே வளரும் ஏகபோக முதலாளி அவர் என்பது மொரெட்டியின் முடிவு. இதற்கு வழிகாட்டி கார்ல் மார்க்ஸ். உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் ரத்தக்காட்டேரி என்ற உவமையை அவர் 1867இல், ஸ்டோக்கருக்கு 30 ஆண்டு முன்பே, மூலதனத்துக்குப் பயன்படுத்திவிட்டார்.

ஆழமான வாசிப்புதான். ஆனால் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ரத்தத்தைப் பொறுத்தவரை மொரெட்டி சொல்வது சரி. பணத்தைப் பொறுத்தவரை மூலதனம் என்றால் ஓட வேண்டும். பிரபுவின் தங்கம் மூலையில் கிடக்கிறது. நாவலில் ஓடும் பணம் எதிர்த்தரப்பின் பணம். கோடால்மிங் பிரபுவும் அமெரிக்கரான குவின்சி மாரிஸும் அள்ளி இறைக்கிறார்கள். ரயில் சீட்டு, நீராவிப் படகு, குதிரைகள், வண்டிக்காரர்களுக்குக் குடிக்கக் காசு. வார்னாவில் இறங்கியதும், லஞ்சம் செல்லுபடியாகும் நாடு இது, நம்மிடம் பணமும் தாராளமாக இருக்கிறது என்று ஹார்க்கர் கடவுளுக்கு நன்றி சொல்கிறான்! பணம் நல்ல காரியத்துக்குப் பயன்பட்டால் எவ்வளவு வல்லமை உடையது என்று மினா வியக்கிறாள். கோட்டையை விட்டுத் தப்பும்போது ஹார்க்கரே அந்தத் தூசி படிந்த தங்கத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்வதாக எழுதி வைக்கிறான். அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை.

இதுதான் நாவலின் பிழை, பலமும் அதுவே என்பேன். நம்மவன் கொடுத்தால் அன்பளிப்பு, வெளியூரான் கொடுத்தால் சதி. ஸ்டீஃபன் அராட்டா 1990இல் எழுதிய கட்டுரையில், உலகத்தையெல்லாம் போய்ப் பிடித்த பிரிட்டன், யாராவது தன்னை வந்து பிடித்துவிடுவார்களோ என்று அஞ்சியதன் வெளிப்பாடு இந்நாவல் என்றார். அதோடு நான் சேர்ப்பது ஒன்றுதான்: அந்த அச்சம் முதலில் பார்ப்பது அந்நியனின் பல்லை அல்ல, பணப்பையை.

ஜன்னல் காட்சி

நாவலில் என்னை மிகவும் பாதித்த இடம் அக்டோபர் 3ஆம் தேதி நிகழ்கிறது. பிக்காடில்லி வீட்டில் எல்லோரும் சூழ்ந்துகொள்ள, ஹார்க்கர் தன் குக்ரிக் கத்தியை வீசுகிறான். பிரபுவின் கோட்டு கிழிகிறது. ரத்தம் வரவில்லை, நோட்டுக் கட்டும் தங்கக் காசும் கொட்டுகின்றன. அவ்வளவு ஆபத்திலும் குனிந்து ஒரு கைப்பிடி காசை அள்ளிக்கொண்டுதான் அவர் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் குதிக்கிறார். சிதறும் கண்ணாடிச் சத்தத்துக்கு நடுவே, கீழே கல் தளத்தில் சவரன்கள் விழும் ஓசை கேட்கிறது. நாம் நகைக்கடையில் ‘எத்தனை சவரன்’ என்று கேட்கிறோமே, அதே ஆங்கிலேயப் பொற்காசுதான்.

நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தவன், ஓநாயாகவும் மூடுபனியாகவும் மாறத் தெரிந்தவன், தரையில் சிந்திய காசைப் பொறுக்குகிறான். வழிச்செலவுக்குப் பணம் இல்லாமல் ஊர் திரும்ப முடியாது. கோட்டையில் குவிந்த தங்கம் அந்த நிமிடத்தில் உதவவில்லை. மற்ற இடங்களில் அவர் பேய். இங்கே கையில் காசில்லாமல் அந்நிய ஊரில் மாட்டிக்கொண்ட மனிதர்.

வள்ளுவர் ‘நன்றியில் செல்வம்’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். தானும் துய்க்காமல் தக்கவர்க்கும் தராமல் வைத்திருப்பவனைச் செல்வத்துக்கு வந்த நோய் என்ற பொருளில் பேசுகிறார். சாகாவரம் பெற்றவனுக்கும் அது பொருந்தும். காலம் முடியும் என்று தெரிந்தவன்தான் பிள்ளைக்கு, பேத்திக்கு, ஊருக்கு என்று பிரித்துக் கொடுப்பான். முடிவே இல்லாதவனுக்கு வாரிசு இல்லை. வாரிசு இல்லாதவன் கையில் பணம் வெறும் உலோகம்.

ஸ்டோக்கரின் சொந்தக் கணக்கையும் சொல்லி முடிக்கிறேன். சாகாதவனைப் படைத்த அவர் 1912இல் பண நெருக்கடியோடு இறந்தார். நாவலுக்காக அவர் எழுதி வைத்த குறிப்புகள் 1913இல் ஏலத்தில் இரண்டு பவுண்டுக்குச் சற்று அதிகமாக விலை போயின. 1922இல் ஜெர்மனியில் அனுமதி பெறாமல் ‘நோஸ்ஃபெராட்டு’ என்று படமெடுத்தார்கள். அவர் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்து, 1925இல் பிரதிகளை அழிக்கத் தீர்ப்புப் பெற்றார். படக் கம்பெனி ஏற்கெனவே திவாலாகியிருந்தது. பணம் வரவில்லை. படமும் அழியவில்லை, தப்பிய பிரதிகளில் இன்றும் ஓடுகிறது.

கட்டுரையை வாசித்துக் காட்டியதும் பேத்தி கேட்டாள்: “அப்போ அந்த வீட்டுக்காரர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க தாத்தா?”

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. ரசீது மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது இன்னும் அந்த டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. எடுத்து அவளிடம் கொடுத்தேன்.